லேத்தில் டூல் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு வர: டூல் போஸ்ட்டா, ஸ்டாப்பா, டி.ஆர்.ஓ.வா?

சேலம் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான், ஆளுக்கு ஆள் வேறு மாதிரி கேட்கிறார்கள். தறிக்கு ஷாஃப்ட், ஜவ்வரிசி மில்லுக்கு ரோலர் புஷ், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு பின் (pin), இப்படி ஐம்பது, நூறு, இருநூறு என்று ஒரே ஜாப் ஆர்டராக வருகிறது. ஒரு பீஸுக்கு நாலைந்து டூல் மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் முனையைத் தொட வைத்து, கொஞ்சம் வெட்டி, மிஷினை நிறுத்தி, மைக்ரோமீட்டர் போட்டு, மறுபடி வெட்டி... பாதிப் பொழுது வெட்டுவதில் போவதில்லை, அளப்பதில் போகிறது. "குவிக் சேஞ்ச் வாங்கலாமுங்களா, டி.ஆர்.ஓ. போடலாமுங்களா, இல்ல பேசாம பழைய கேப்ஸ்டன் ஒண்ணைப் பிடிச்சுப் போட்டுடலாமா?"

குவிக் சேஞ்ச் என்பது டூலை ஹோல்டரோடு சட்டென்று மாற்றும் டூல் போஸ்ட், அதாவது டூலைப் பிடிக்கும் கட்டை. டி.ஆர்.ஓ. (டிஜிட்டல் ரீட்அவுட்) ஸ்லைடு நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் கருவி. கேப்ஸ்டன் சுழலும் தலையில் ஆறு டூல் பூட்டிய லேத். மூன்றும் நல்ல சாமான்தான். ஆனால் மூன்றும் மூன்று வேறு வேலைக்கானவை. அது தெரியாமல் வாங்கியதால் டி.ஆர்.ஓ. பெட்டி கவர் போட்டு மூடிக் கிடக்கும் பட்டறைகள் நம் ஊரிலேயே உண்டு. அதனால் ஒவ்வொன்றின் குணத்துக்குப் போவதற்கு முன் உங்கள் மிஷினில் எது நகர்கிறது என்று பார்த்துவிடலாம்.

## எது நகர்கிறது?

"டூல் அதே இடத்துக்கு வரமாட்டேங்குது" என்கிற ஒரே புகாருக்குள் இரண்டு கோளாறு இருக்கிறது. டூலைக் கழற்றி மாட்டினால் முனை ஸ்லைடின் மேல் பழைய இடத்தில் உட்காரவில்லை, இது ஒன்று. டூலைத் தொடவே இல்லை, ஆனால் க்ராஸ் ஸ்லைடை (டூலை ஜாப்புக்குள் முன்னும் பின்னும் கொண்டுபோகும் ஸ்லைடு) பின்னால் இழுத்துவிட்டு டயலில் அதே கோட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் ஸ்லைடே பழைய இடத்துக்கு வரவில்லை, இது இன்னொன்று. டூல் போஸ்ட் மாற்றினால் முதலாவது மட்டும்தான் சரியாகும். ஸ்டாப்பும் டி.ஆர்.ஓ.வும் இரண்டாவதற்கு மட்டும்தான்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஒரு டயல் கேஜும் மேக்னட் ஸ்டாண்டும் போதும். ஸ்டாண்டை பெட்டில் (லேத்தின் நீளமான அடித்தளம்) ஒட்டி, கேஜின் முள்ளை டூல் ஹோல்டரின் கிரைண்டிங் செய்த தட்டையான முகத்தில் வையுங்கள், முனையில் வேண்டாம். ஹோல்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டி, பூட்டி, ரீடிங் பாருங்கள். இதையே சில தடவை செய்து அதிகபட்ச வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹோல்டரைத் தொடாமல் க்ராஸ் ஸ்லைடை இரண்டு சுற்று பின்னால் எடுத்து, டயலில் அதே எண்ணுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கடைசியாக, டூல் போஸ்ட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்ததற்கே கேஜ் இரண்டு மூன்று டிவிஷன் ஓடினால் கடைக்குப் போகாதீர்கள். ஜிப்பை (ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் பட்டை) டைட் செய்யுங்கள், காம்பவுண்டின் (க்ராஸ் ஸ்லைடு மேல் டூல் போஸ்ட்டைத் தாங்கும் சின்ன ஸ்லைடு) கீழ் போல்ட்டைப் பாருங்கள். அந்த ஆட்டத்தை எந்த சாமானும் மறைக்காது.

இவை போக மூன்றாவது ஒரு கூட்டம் இருக்கிறது: சூடு, வளைவு, முனைத் தேய்மானம். இவற்றுக்கும் டூல் நிற்கும் இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது, ஆனால் பழி டூல் போஸ்ட் மேல் விழும். 50 மி.மீ. விட்டமுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஜாப், வெட்டிய சூட்டில் 40 டிகிரி ஏறியிருந்தால் விட்டம் சுமார் 23 மைக்ரான் பெருத்திருக்கும். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 34 மைக்ரான். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் வெட்டிய கையோடு அளந்து "ஓகே" என்று வைத்த பீஸ், மறுநாள் காலையில் சின்னதாகத்தான் இருக்கும். டூல் நகர்ந்துவிட்டது என்று தேட வேண்டியதில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, திரும்ப வரவேண்டியது விட்டமா, நீளமா? ஐந்தில் நாலு பேர் இதை யோசிப்பதில்லை. நிறைய ஜாப்பில் விட்டம் ஒன்றிரண்டு இடத்தில்தான் கறாராக இருக்கும், மற்றபடி ஸ்டெப் நீளம், க்ரூவ் இடம், சாம்பர் (ஓரத்தைச் சாய்வாக வெட்டுவது) எல்லாம் நீளவாக்கில் வருகிற சமாச்சாரம். நேரம் அதிகம் போவதும் அங்கேதான்.

இரண்டாவது, எவ்வளவு கறார்? 6205 பேரிங் ஏறும் 25 மி.மீ. ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். டிராயிங்கில் கே6 ஃபிட் (ஷாஃப்ட் அளவுக்கு அனுமதிக்கும் எல்லை) போட்டிருந்தால் 25.002-க்கும் 25.015-க்கும் நடுவில் வரவேண்டும். மொத்த இடைவெளி 13 மைக்ரான், அதுவும் விட்டத்தில். டூல் முனைக்குக் கிடைப்பது அதில் பாதி, ஆறரை மைக்ரான். இந்த வேலையை எந்த டூல் போஸ்ட்டை நம்பியும் அளக்காமல் செய்ய முடியாது, விற்பவர் என்ன சொன்னாலும் சரி. தறியில் ஓடும் சாதாரண ஸ்பேசருக்கு 0.1 மி.மீ. போதும் என்றால் கதை வேறு, அங்கே பாதி சாமான் தேவையே இல்லை.

மூன்றாவது, ஒரு ஆர்டரில் எத்தனை பீஸ், ஒரு பீஸுக்கு எத்தனை டூல். நான்காவது மிஷினின் நிலை: பழைய லேத்தில் க்ராஸ் ஸ்லைடு ஸ்க்ரூ நடுப்பகுதியில் மட்டும் தேய்ந்திருக்கும், ஏனென்றால் எல்லா ஜாப்பும் அந்த இடத்தில்தான் வெட்டப்படுகிறது. பேக்லேஷ் (திசை மாற்றும்போது ஸ்க்ரூ சும்மா சுற்றும் இடைவெளி) ஒரு இடத்தில் கால் மி.மீ., இன்னொரு இடத்தில் அரை மி.மீ. என்று இருந்தால் டயலை நம்பி எதுவும் செய்ய முடியாது. ஐந்தாவது, மிஷினில் நிற்பது யார்? நீங்களே நிற்கிறீர்களா, இல்லை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும் பையன் நிற்கிறானா? கடைசியாக, முதல் பில்லுக்குப் பிறகு வரும் செலவு. இதை ஒவ்வொரு வழியின் கீழும் தனியாகச் சொல்கிறேன். விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கில் இறங்கவில்லை.

## மிஷினோடு வந்த நான்கு முக டூல் போஸ்ட்

ராஜ்கோட்டோ லூதியானாவோ, எங்கிருந்து வந்த லேத்தாக இருந்தாலும் இது மேலே உட்கார்ந்திருக்கும். நாலு பக்கம் நாலு டூல், கைப்பிடியைத் தளர்த்தி, திருப்பி, பூட்டினால் ஆச்சு. இதைப் பழங்காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். டூலைக் கழற்றவே தேவையில்லாத ஒரே மலிவான வழி இதுதான் என்பது அவர்களுக்கு மறந்துபோகிறது.

டூலுக்கு அடியில் பாருங்கள். ஹேக்ஸா பிளேடு துண்டு இரண்டு, தகரம் ஒன்று, அதற்கு மேல் எங்கிருந்தோ எடுத்த ஃபீலர் கேஜ் இலை ஒன்று. பிளேடின் பற்களைக்கூட தேய்க்காமல் வைத்திருப்பார்கள். மேலே மூன்று ஸ்க்ரூ முடுக்க முடுக்க அந்தப் பற்கள் நசுங்கி டூல் மெல்லக் கீழே இறங்கும், இன்றைக்கு ஒரு உயரம், ஒரு வாரம் கழித்து வேறு உயரம். பேக்கிங்கை மட்டும் ஒழுங்காக, தட்டையாக, டூலின் முழு நீளத்துக்கும் வெட்டி, டூலோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

ஆனால் உயரத்தைப் பற்றிப் பயப்படும் அளவுக்கு அது விட்டத்தைக் கெடுப்பதில்லை. 20 மி.மீ. விட்டத்தில் முனை சென்டரைவிட 0.1 மி.மீ. இறங்கியிருந்தால் விட்டத்தில் வரும் பிழை ஒரே ஒரு மைக்ரான். ஃபேசிங்கில் நடுவில் குமிழ் நிற்கும், சின்ன விட்டத்தில் தொல்லை கொடுக்கும், அவ்வளவுதான். நிஜமாகக் கெடுப்பது போஸ்ட் திரும்பும் கோணம்.

இது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய விஷயம். போஸ்ட் ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் நிற்க அடியில் ஒரு பின்னோ பல்லோ இருக்கும், அது தேய்ந்துபோயிருந்தாலோ அடியில் ஒரு துளி இரும்புத் தூள் மாட்டினாலோ கோணம் துளி மாறும். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு மாறுகிறது என்று வையுங்கள். போஸ்ட்டின் மையத்திலிருந்து முனை ஜாப் பக்கம் 60 மி.மீ., பக்கவாட்டில் 35 மி.மீ. தள்ளி இருந்தால், நீளத்தில் 17 மைக்ரானும் விட்டத்தில் 20 மைக்ரானும் போகும். அதே போஸ்ட்டில், ஜாப்பைப் பிடிக்கும் சக் பக்கம் 120 மி.மீ. நீட்டிய போரிங் பார் (துளையை உள்ளே வெட்டும் டூல்) இருந்தால் துளையின் விட்டத்தில் 70 மைக்ரான்! வெளி விட்டம் சரியாக வந்து துளை மட்டும் அளவு மாறி மாறி வருகிறதா? காரணம் பெரும்பாலும் இதுதான்.

மறைந்த செலவு: பணமாக எதுவும் இல்லை, நேரமாக நிறைய. டூல் முனை உடைந்தால் மறுபடி பேக்கிங் வேட்டை. நாலுக்கு மேல் டூல் வந்தால் ஆட்டம் முடிந்தது. அப்புறம் கையில் கீறல், வெட்டுகிற டூலைத் தவிர மற்ற மூன்று முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால்.

இது போதும் என்கிற இடம்: ஒரு பீஸுக்கு மூன்று நாலு டூல், 0.05 மி.மீ. வரை தாராளம், போரிங் இல்லாத ஜாப்.

## குவிக் சேஞ்ச் டூல் போஸ்ட்

ஒவ்வொரு டூலும் தனித்தனி ஹோல்டரில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும், ஹோல்டரின் தலையில் உயர நட்டு. போஸ்ட்டில் செருகி, கைப்பிடியை ஒரு இழு. நேரம் மிச்சமாவது உடனே தெரியும், அதனால்தான் எல்லோரும் முதலில் இதற்கு ஆசைப்படுகிறார்கள்.

வகை பார்த்து வாங்க வேண்டும். பிஸ்டன் வகையில் ஒரு பிஸ்டன் வெளியே தள்ளி ஹோல்டரைப் பிடிக்கிறது. வெட்ஜ் வகையில் ஆப்பு ஒன்று ஹோல்டரின் டவ்டெயிலை முகத்தோடு இழுத்து உட்கார வைக்கிறது. விலையில் வெட்ஜ் அதிகம், திரும்ப வருவதிலும் அதுதான் மேல். துடைத்து, கைப்பிடியை ஒரே அழுத்தத்தில் பூட்டினால் நல்ல வெட்ஜ் போஸ்ட் 0.01, 0.02 மி.மீ.க்குள் வந்து நிற்கும். ஸ்விஸ் மல்டிஃபிக்ஸ் வகை இன்னும் ஒரு படி மேலே: உருண்டையான உடலில் 40 பல், ஒரு பல்லுக்கு 9 டிகிரி, உடலைத் தொடாமல் ஹோல்டரை மட்டும் வேறு கோணத்தில் மாட்டலாம். அசல் ஒன்று வாங்கும் விலைக்கு நம் ஊரில் பட்டறையையே ஒரு சுற்று சுண்ணாம்பு அடித்து, வயரிங் மாற்றி, மீதியில் ஹோல்டரும் வாங்கலாம் என்பதால் அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

கோணம் என்று சொன்னேனே, குவிக் சேஞ்ச் வாங்கியவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். சாம்பர் போட போஸ்ட்டின் நடு நட்டைத் தளர்த்தி உடலையே திருப்புவார்கள், முடிந்ததும் கண்ணளவில் நேராக்குவார்கள். அந்த நொடியில் எல்லா ஹோல்டரின் அளவும் போச்சு. ஹோல்டர் உடலுக்குப் பொருத்தமாகத் திரும்ப வருகிறது, ஆனால் உடலே வேறு இடத்தில் நிற்கிறது. சாம்பருக்கு 45 டிகிரியில் தீட்டிய டூலைத் தனி ஹோல்டரில் வையுங்கள். உடலைக் காம்பவுண்டோடு ஒரு டோவல் பின் போட்டுப் பூட்டிவிடுங்கள். பின் போட மனம் வரவில்லையா, உடலின் பக்கவாட்டில் உரசி நிற்கும்படி ஒரு பட்டையை காம்பவுண்டில் ஸ்க்ரூ செய்யுங்கள். அந்த நட்டைத் தொடக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு கோட்டை விடும் இடம் இன்செர்ட், அதாவது டூலில் மாட்டும் மாற்று முனை. சி.என்.எம்.ஜி. 120408 என்று டப்பாவில் இருக்கிறதே, அதில் மூன்றாவது எழுத்து டாலரன்ஸைச் சொல்கிறது. எம் என்றால் இந்த சைஸில் முனையின் இடம் ±0.13 மி.மீ. வரை மாறலாம், ஜி என்றால் ±0.025. ஹோல்டர் எவ்வளவு துல்லியமாக வந்தாலும் இன்செர்ட் மாற்றியதும் கணக்கு புதிது. அலுமினியத்துக்கு வாங்கும் சி.சி.ஜி.டி. ஜி வகை, வழக்கமான சி.சி.எம்.டி. எம் வகை. எதுவாக இருந்தாலும் முனை மாற்றினால் ஒரு தடவை வெட்டி அளந்தே ஆகவேண்டும்.

மறைந்த செலவு: போஸ்ட்டோடு வரும் ஹோல்டர்கள் பற்றாது. டர்னிங், ஃபேசிங், போரிங், பார்ட்டிங் (ஜாப்பை அறுத்துப் பிரிப்பது), த்ரெட்டிங், சாம்பர் என்று குறைந்தது ஆறு வேண்டும், நாளடைவில் பத்தைத் தாண்டும். ஒரு கம்பெனி ஹோல்டர் இன்னொரு கம்பெனி போஸ்ட்டில் பல நேரம் உட்காராது, அதனால் போஸ்ட் வாங்கும் அன்றே கூடுதல் ஹோல்டர் கிடைக்குமா என்று கேளுங்கள். காம்பவுண்டின் மேல்முகத்திலிருந்து சென்டர் வரை உயரத்தை அளந்துகொண்டு போங்கள். சைஸ் தப்பினால் டூல் கீழே இறங்காது, பிறகு ஷாங்கை மில்லிங்குக்கு அனுப்ப வேண்டிவரும். முனை நான்கு முகப் போஸ்ட்டைவிடக் கொஞ்சம் வெளியே போவதால் பார்ட்டிங்கில் அதிர்வு கூடும், பழைய ஆட்டமுள்ள லேத்தில் இது நன்றாகவே தெரியும்.

ஆறு ஏழு டூல் புரளும் ஜாப், ஜாப் வகை தினமும் மாறும் பட்டறை, பையன்கள் ஓட்டும் மிஷின்: இந்த மூன்றில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் வாங்குங்கள். நேரம் மிச்சமாவதிலேயே காசு வந்துவிடும்.

## கேரேஜ் ஸ்டாப்

யாரும் கேட்காத சாமான். என்னைக் கேட்டால் சேலத்து ஜாப் ஒர்க் பட்டறை முதலில் வாங்க வேண்டியது, இல்லை தானே செய்துகொள்ள வேண்டியது இதுதான்.

பெட்டில் நீளவாக்கில் ஓடும் கேரேஜை ஒரே இடத்தில் தடுத்து நிறுத்த, பெட்டில் பிடித்து உட்காரும் ஒரு கட்டை, அதில் ஒரு ஸ்க்ரூ. மைக்ரோமீட்டர் தலை உள்ளது என்றால் 0.01 மி.மீ. வரை அட்ஜஸ்ட் செய்யலாம். நாலு அல்லது ஆறு ஸ்க்ரூ உள்ள சுழலும் தலை என்றால் ஒரே ஷாஃப்ட்டில் அத்தனை ஸ்டெப்பையும் அளக்காமல் வெட்டலாம். ஒற்றை ஸ்டாப்தான் இருக்கிறதா? ஸ்டெப் நீளத்துக்குச் சரியாக உருளைத் துண்டுகள் திருகி, இரண்டு முகமும் ஃபேசிங் செய்து, ஸ்டாப்புக்கும் கேரேஜுக்கும் நடுவில் வைத்து எடுத்துக்கொண்டே போகலாம். லேத்காரருக்கு இது ஒரு டீ நேர வேலை.

இரண்டு நிபந்தனை. ஆட்டோ ஃபீடில் போய் ஸ்டாப்பில் முட்டக்கூடாது, கொஞ்சம் முன்னாலேயே ஃபீடைக் கழற்றிவிட்டுக் கடைசித் துளியைக் கையால் கொண்டுபோய், ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் தொட வேண்டும். பலமாக அழுத்தினால் கட்டையே வளையும், கேஜ் வைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டாவது, ஜாப்பும் சக்கில் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு பீஸ் அரை மி.மீ. உள்ளே, இன்னொன்று வெளியே என்று பிடித்தால் ஸ்டாப்பால் ஒரு பயனும் இல்லை. ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் அச்சு) துளைக்குள் பின்பக்கமிருந்து ஒரு தடுப்பு வையுங்கள், கேரேஜ் ஸ்டாப்புக்கு அது ஜோடி.

விட்டத்துக்கு இது உதவாது. ஆனால் விட்டத்துக்கும் காசில்லாத ஒரு வழி இருக்கிறது. காம்பவுண்டை ஜாப்பின் அச்சுக்கு 5 டிகிரி 44 நிமிடம் சாய்த்து வைத்தால், காம்பவுண்ட் டயலில் 0.1 மி.மீ. நகர்த்தும்போது முனை ஜாப்புக்குள் 0.01 மி.மீ. மட்டும் போகும், விட்டத்தில் 0.02. க்ராஸ் ஸ்லைடைப் பூட்டிவிட்டுக் கடைசி வெட்டை இதில் கொடுத்தால் தேய்ந்த க்ராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவை மறந்துவிடலாம். முனை நீளவாக்கிலும் ஏறக்குறைய 0.1 நகரும், ஷோல்டர் வரும் இடத்தில் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு என்று எதுவும் இல்லை, பெட்டின் வடிவத்துக்குக் கட்டையைப் பொருத்தும் ஒரு மதியம் தவிர.

## டி.ஆர்.ஓ.

க்ராஸ் ஸ்லைடிலும் கேரேஜிலும் ஸ்கேல் ஒட்டி, ஸ்லைடு நிஜமாக எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டுவது. ஸ்க்ரூ தேய்ந்திருக்கட்டும், பேக்லேஷ் அரை மி.மீ. இருக்கட்டும், அதற்குக் கவலை இல்லை. பழைய லேத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

டூல் ஆஃப்செட்டை நினைவில் வைப்பதுதான் இதன் பெரிய பலம். முதல் டூலால் ஒரு வெட்டு, மைக்ரோமீட்டர் அளவை திரையில் போடு, இரண்டாவது டூலால் ஒரு வெட்டு, அதையும் போடு. அதற்குப் பிறகு டூல் மாற்றும்போது எண்ணை அழுத்தினால் அந்த டூலுக்கான விட்டம் திரையில். ஆனால் கவனியுங்கள், ஹோல்டர் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் அந்த எண் உண்மை. குவிக் சேஞ்ச் இல்லாமல், ஹேக்ஸா பிளேடு பேக்கிங்கோடு டூலைக் கழற்றி மாட்டிக்கொண்டு டி.ஆர்.ஓ. ஓட்டினால், திரை சொல்வது ஸ்லைடின் இடம், முனையின் இடம் இல்லை. மூடிக் கிடக்கும் பெட்டிகளின் கதை இதுதான்.

வாங்கும்போது ஒரு விஷயம். க்ராஸ் ஸ்லைடுக்கு 5 மைக்ரான் ஸ்கேல் தருவார்கள். ஸ்லைடு 5 மைக்ரான் நகர்ந்தால் விட்டம் 10 மாறும், ஆகத் திரையில் விட்டம் பத்துப் பத்தாகத்தான் தாவும். மேலே சொன்ன 13 மைக்ரான் பேரிங் ஃபிட்டுக்கு அது போதாது. க்ராஸ் ஸ்லைடுக்கு மட்டும் 1 மைக்ரான் ஸ்கேல் கேளுங்கள், கேரேஜுக்கு 5 தாராளம்.

மறைந்த செலவு இதில்தான் அதிகம். ஸ்கேலைத் தூளும் கூலண்டும் படாமல் மூடத் தகரக் கவர் செய்ய வேண்டும். க்ராஸ் ஸ்லைடு ஸ்கேல் டெயில் ஸ்டாக் (ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) பக்கம் வந்தால் சின்ன ஜாப்பில் டெயில் ஸ்டாக் கிட்டே வராது, சக் பக்கம் வந்தால் தூள் கொட்டும், கூடவே க்ராஸ் ஸ்லைடு லாக் ஸ்க்ரூவை மறைக்கும். கரண்ட் போய் வரும் நேரத்தில் கைப்பிடி நகர்ந்துவிட்டால் சாதாரண கிளாஸ் ஸ்கேல் அதை அறியாது, ரெஃபரன்ஸ் குறியைத் தேடி மறுபடி ஓட்ட வேண்டும். நம் பட்டறைகளில் லேத்துக்குப் பக்கத்திலேயே ஆர்க் வெல்டிங் இருக்கும். சக்கில் பிடித்த ஜாப்பை வெல்டிங் செய்ய எர்த் கிளிப்பை பெட்டில் மாட்டும் பழக்கம் இருந்தால் டி.ஆர்.ஓ.வுக்கு மட்டுமில்லை, ஸ்பிண்டில் பேரிங்குக்கும் ஆபத்து.

வளைவையும் இது பார்க்காது. ஜாப் வளைந்து விலகினால் திரைக்குத் தெரியாது. அதற்கு மருந்து எளிது: கடைசி வெட்டின் ஆழம் எல்லாப் பீஸிலும் ஒன்றாக இருக்கட்டும், 0.25 என்றால் எப்போதும் 0.25. வளைவு இருக்கும், ஆனால் ஒரே மாதிரி இருக்கும்.

## பின்பக்க டூல் போஸ்ட்

க்ராஸ் ஸ்லைடின் பின்முனையில் நிரந்தரமாக ஒரு கட்டை, அதில் தலைகீழாகப் பார்ட்டிங் டூல். கழற்றுவதே இல்லை என்பதால் திரும்ப வருகிறதா என்கிற கேள்வியே எழாது. தலைகீழ் டூலில் தூள் தானாகக் கீழே விழும், பார்ட்டிங்கில் டூல் சிக்கி உடைவதும் குறையும். க்ராஸ் ஸ்லைடில் டி-ஸ்லாட்டோ, துளை போட இடமோ இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். சின்ன புஷ், ஸ்பேசர் நிறையச் செய்பவர்கள் இதையே நீட்டி, முன்னால் இரண்டு டூல், பின்னால் இரண்டு டூல் என்று வரிசையாகப் பூட்டிவிட்டால் அதுவே பாதி கேப்ஸ்டன். பெரிய விட்டம் பிடித்தால் பின்கட்டை ஜாப்பில் முட்டும், அப்போது கழற்ற வேண்டும்.

## கேப்ஸ்டனும் சி.என்.சி.யும்

கேப்ஸ்டனில் ஆறு முக டரட், ஒவ்வொரு முகத்துக்கும் தனி ஸ்டாப். செட் செய்துவிட்டால் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம். செட்டிங்குக்கு நேரம் பிடிக்கும், நல்ல செட்டர் கிடைப்பது அதைவிடச் சிரமம். ஒரே புஷ் மாதா மாதம் ஆயிரக்கணக்கில் வருகிறது என்றால் சரி, நூறு நூறாக வகை மாறினால் இடத்தைத்தான் அடைக்கும்.

சி.என்.சி.யில் டரட் பல்லோடு பல் சேர்ந்து பூட்டிக்கொள்கிறது, ஆஃப்செட் தானாக வருகிறது, சில மைக்ரானுக்குள் திரும்ப வருவது அங்கே அன்றாட வேலை. ஆனால் சொந்தமாக வாங்கும் முன், அந்த ஒரு கறாரான ஆபரேஷனை மட்டும் ஊரில் சி.என்.சி. வைத்திருப்பவரிடம் கொடுத்தால் பீஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிடுங்கள். மீதியை உங்கள் லேத்தில் முடிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | விட்டம் | நீளம் | பிறகு வரும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| நான்கு முகம் | சுமார், போரிங்கில் மோசம் | சுமார் | செட்டிங் நேரம் | 3–4 டூல், தாராள அளவு |
| குவிக் சேஞ்ச் (வெட்ஜ்) | முனை சரியாக வரும், ஸ்லைடுக்குப் பொறுப்பில்லை | அதேதான் | ஹோல்டர், ஹோல்டர், ஹோல்டர் | நிறைய டூல், வகை மாறும் ஜாப் |
| கேரேஜ் ஸ்டாப் | உதவாது | மிக நன்று | ஏறக்குறைய இல்லை | ஸ்டெப் ஷாஃப்ட், எல்லாப் பட்டறையும் |
| டி.ஆர்.ஓ. | நன்று, ஹோல்டர் சரியாக இருந்தால் | நன்று | கவர், ஸ்கேல் பராமரிப்பு, கரண்ட் | ஸ்க்ரூ தேய்ந்த லேத் |
| பின் டூல் போஸ்ட் | நன்று | நன்று | பெரிய ஜாப்புக்குக் கழற்ற வேண்டும் | புஷ், பார்ட்டிங் |
| கேப்ஸ்டன் | நன்று | மிக நன்று | செட்டர், இடம் | ஒரே ஜாப் ஆயிரக்கணக்கில் |

## யார் எதை வாங்குவது

கையில் காசு குறைவு, ஜாப் பெரும்பாலும் ஸ்டெப் ஷாஃப்ட்: கேரேஜ் ஸ்டாப், ஸ்பிண்டில் ஸ்டாப், ஜிப் டைட் செய்தல். இதோடு நிறுத்திக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பல பேருக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

கொஞ்சம் காசு இருக்கிறது, டூல் மாற்றுவதில்தான் நேரம் போகிறது: வெட்ஜ் வகை குவிக் சேஞ்ச், ஆறு ஹோல்டரோடு. மலிவான பிஸ்டன் வகையும் பத்து ஹோல்டரும் என்று ஆசை காட்டுவார்கள், வேண்டாம்.

குவிக் சேஞ்ச் இருக்கிறது, இருந்தும் விட்டம் ஓடுகிறது: இப்போதுதான் டி.ஆர்.ஓ. இந்த வரிசை மாறினால் காசு தண்டம். ஒரே விதிவிலக்கு, டயல் கேஜ் சோதனையில் ஹோல்டர் பக்கம் நன்றாக இருந்து க்ராஸ் ஸ்லைடு மட்டும் தாறுமாறாக ஓடுகிற மிஷின். அதில் நான்கு முகப் போஸ்ட்டோடேயே டி.ஆர்.ஓ. போடலாம், டூலைக் கழற்றாமல் திருப்பி மட்டும் ஓட்டுகிறவரை.

ஏற்காட்டு எஸ்டேட்காரர்களுக்கு பல்ப்பர் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் ஒன்றிரண்டாகச் செய்து கொடுக்கும் ரிப்பேர் பட்டறைக்கு இதில் எதுவும் அவசரமில்லை. பழைய ஷாஃப்ட்டுக்கு ஏற்பப் புதிய புஷ் போரிங் செய்யும் இடத்தில் ஒவ்வொரு பீஸும் புது அளவு, எதுவும் திரும்ப வரவேண்டியதில்லை. அந்தக் காசில் ஒரு நல்ல போர் டயல் கேஜ் வாங்கலாம்.

டி.ஆர்.ஓ. என்று முடிவு செய்தவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் அடிக்கடி வெட்டும் சின்ன ஜாப்பை சக்கில் பிடித்து, டெயில் ஸ்டாக்கைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்து, க்ராஸ் ஸ்லைடின் இரண்டு பக்கமும் மிச்சமிருக்கும் இடத்தை அளவுகோல் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஸ்கேல் தடிமன் எவ்வளவு, எந்தப் பக்கம் ஒட்டுவது என்று கடைக்காரர் கேட்கும்போது அந்தச் சீட்டு கையில் இருக்க வேண்டும்.